தட்டிக்குப் பின்னால் ஒரு நாற்காலி

கோமளம் கைக்குழந்தையுடன் ஜட்காவை விட்டு இறங்கியபோது, சாந்தோம் கடற்காற்று அவளுடைய முந்தானையையும் குழந்தையைச் சுற்றிய துணியையும் ஒருசேரப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. இரண்டையும் ஒரு கையால் அடக்கிக்கொண்டு மறு கையால் கதவைத் தட்டினாள். உறங்காத இரவுகள் அவள் கண்ணைச் சுற்றிக் கரியாய்ப் படிந்திருந்தன.

கதவைத் திறந்தவன் ரகுபதி. மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன். விடியலில் கபாலீசுவரர் சந்நிதியில் பதிகம் பாடி முடித்தானென்றால், பள்ளி இல்லாத நாட்களில் அவன் கால்கள் தாமாகவே இந்த வீட்டை நோக்கி நடக்கும். போலீஸ் இன்ஸ்பெக்டராயிருந்து ஓய்வு பெற்ற பவுல்சாமியிடம் ஊரார் கொண்டுவரும் சிக்கல்களில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்பது அவன் எண்ணம். அந்தப் பங்கை வேறொருவர் தொடுவது மட்டும் அவனுக்குப் பொறுக்காது.

பவுல்சாமி கூடத்தில் அமர்ந்து, அறுந்துபோன ஜெபமாலையைக் கோத்துக்கொண்டிருந்தார். வந்தவளை நிமிர்ந்து பார்த்து, நாற்காலியைக் காட்டினார்.

"என் பொண்ணைக் காப்பாத்துங்கோ," என்றாள் கோமளம், உட்காராமலே. "இன்னிக்கு சாயங்கால ரயில்ல அவளைக் கும்பகோணத்துக்கு அனுப்பப் போறா. பெட்டியெல்லாம் கட்டியாச்சு. நீரஜாவுக்கு இன்னும் ஆறு வயசு முடியலை."

"யாரும்மா அனுப்பறாங்க?"

"எங்காத்துக்காரர்தான். வக்கீல் பத்ரிநாராயணன். அவர் அக்காவாத்துல இருக்கட்டுமாம், தம்பி பெரியவனாகற வரைக்கும். தம்பிகிட்ட அவளை விடப்படாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்."

சொல்லச் சொல்ல விவரம் தெளிந்தது. வெளிநாட்டில் மனோதத்துவம் பயின்று, யுத்தம் முடிந்த கையோடு திரும்பிவந்த டாக்டர் பொன்ராஜ், அபிராமபுரத்தில் ஒரு பங்களாவை எடுத்துக் குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்துவந்தார். காலை வேளையில் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அங்கே விளையாட வருவார்கள். தாயின் மடியில் புதிய குழந்தை வந்து அமர்ந்துவிட்டால் மூத்த குழந்தையின் நெஞ்சில் என்ன நிகழ்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. அதற்கென்று சீமையிலிருந்து வந்த பீங்கான் முகப் பொம்மை ஒன்று உண்டு. தாய்மார் அதை மடியில் வைத்துக் கொஞ்சவேண்டும். அப்போது பிள்ளை என்ன செய்கிறது என்பதை, மூங்கில் தட்டிக்குப் பின்னால் மறைந்திருந்து ஒருவர் கவனித்து எழுதுவார்.

"முந்தாநாள் இவனுக்கு ஜுரம். நீரஜாவை அழைச்சிண்டு வர நேரமாயிடுத்து. மத்தக் கொழந்தேள்லாம் போயிட்டா. சாயங்காலம் நான் போறேன், பொம்மை சுக்குநூறாக் கெடக்கு. இவ அதோட கையைப் பிடிச்சிண்டு நிக்கறா. இவ உடைச்சதைத் தட்டிக்குப் பின்னாலேர்ந்து கண்ணால பார்த்த சாட்சி இருக்காம். இன்னிக்குப் பொம்மை, நாளைக்குத் தொட்டில்னு டாக்டர் சொன்னார். இவருக்கு அது வேதவாக்கு."

"குழந்தை என்ன சொல்றா?"

"ஏண்டி உடைச்சேன்னு நான் கேட்டேன். அவர் கேட்டார், டாக்டர் கேட்டார். வாயைத் திறந்தாத்தானே!"

"எல்லாரும் இதையேதான் கேட்டீங்களா?"

"வேற என்னத்தைக் கேக்கறது?" என்றாள் கோமளம், குழப்பத்துடன்.

பவுல்சாமி மணிகளைக் கிண்ணத்தில் இட்டு மூடினார். ரகுபதி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

வடக்கு மாடவீதி வீட்டில் வக்கீல் இல்லை; கோர்ட்டு நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். கூடத்தில் தகரப் பெட்டி கயிறு கட்டித் தயாராயிருந்தது. தொட்டிலருகே பாயில் நீரஜா உட்கார்ந்திருந்தாள். பவுல்சாமி அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூலையில் அமர்ந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். நேரம் போயிற்று. பிறகு எழுந்து, வெளியே வந்து, கோயில் குளத்தங்கரையில் நின்றார்.

"என்ன கண்டீங்க, பண்டிதரே?"

ரகுபதி அதற்காகவே காத்திருந்தான். "கண்களில் அழுக்காறு கனன்றது, சார். தம்பியைப் பார்த்த பார்வையே நஞ்சு."

"கனலும் நஞ்சும் இருக்கட்டும். கை என்ன செஞ்சுது?"

ரகுபதி சற்றுத் திணறினான். "தலையணை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டாள். தட்டிக்கொடுத்தாள். தொட்டில் குழந்தை அழுததும் அம்மா ஓடி வந்தாரல்லவா? உடனே தலையணையை எறிந்துவிட்டுத் தானும் பாயில் படுத்துக் கைக்குழந்தை போலவே அழுதாள். பொறாமைதானே, சார்?"

"சந்தேகமென்ன? பொறாமையேதான். எங்கண்ணன் பேர்ல எனக்கு நாப்பது வருஷமாப் பொறாமை. அவர் மண்டை இன்னும் முழுசாத்தான் இருக்கு." பவுல்சாமி குடையை விரித்தார். "அபிராமபுரம் போகலாம், வாங்க."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது முற்பகல் விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. டாக்டர் பொன்ராஜ் உயரமானவர். பேசும்போது எதிரிலிருப்பவரின் தலைக்குமேல் பார்த்துப் பேசுபவர். தம்முடைய முறையை விளக்கும் வாய்ப்புக் கிடைத்ததில் அவருக்குக் களிப்பு.

கூடத்தின் கிழக்கே வரிசையாகச் சன்னல்கள். மேற்கே சுவருக்குப் பதிலாகப் பச்சை வர்ணம் பூசிய மூங்கில் தட்டி ஒன்று உத்தரத்திலிருந்து தரைவரை தொங்கிற்று. அதற்கு அப்பால் வராந்தா. வராந்தாவின் மறுபுறம் தோட்டத்தை நோக்கித் திறந்து கிடந்தது. தட்டியிலிருந்து தள்ளி, வராந்தாவின் நடுவே ஒரு நாற்காலி தரையோடு திருகாணியால் முடுக்கப்பட்டிருந்தது.

"தூரம் ஒரு நாளும் மாறக் கூடாது பாருங்க, அதுக்காக முடுக்கியிருக்கேன்," என்றார் டாக்டர். "இதுல உட்கார்றவர் பேசக் கூடாது, அசையக் கூடாது, எது நடந்தாலும் குறுக்கே போகக் கூடாது. கண்ணால கண்டதை மட்டும் எழுதணும். நான் இங்கே உட்கார்றதில்லை. என் தலை தெரிஞ்சா பிள்ளைங்க ஆட்டத்தை விட்டுட்டு ஓடிவந்துடுவாங்க. லூயிசா எழுதறா, வில்லியம் டைப் அடிக்கிறார், நான் படிக்கிறேன். லூயிசாவைத் தவிர யாருக்கும் இங்கே வேலை இல்லை."

ரகுபதி நாற்காலியில் அமர்ந்து பார்த்தான். தட்டி இருப்பதே மறந்துபோயிற்று. கிழக்கு வெயிலில் கூடம் அரங்கம்போல் ஒளிர்ந்தது. ஒரு பையன் தன் மூக்கைச் சொறிவதுகூடத் தெரிந்தது. ஒருவன் தன்னைக் காணாதவர்களைக் காண்பதில் தேவர்க்குரிய சுகம் ஒன்று இருப்பதை அவன் உணர்ந்தான். எழுந்திருக்க மனமில்லை.

தட்டெழுத்து அறையில் வில்லியம் எழுந்து நின்று வணங்கினான். முப்பது வயதிருக்கும், கழுத்துப்பட்டியை அடிக்கடி நேராக்கிக்கொள்ளும் பழக்கம். டாக்டர் அவன் தோளில் கை வைத்தார். "அன்னிக்கு லூயிசா போனப்புறம் இவர் பார்த்தது இருக்கே, வருஷம் முழுக்க நாங்க எழுதினதுக்கெல்லாம் அதுதான் சிகரம். கட்டுரையில லூயிசா பேரோட இவர் பேரும் வரப்போகுது. ஆனா ஒண்ணு, லூயிசாவுக்கு இவர் சொன்ன விவரம் எதுவும் தெரியாது. ஒருத்தர் கண்டதை இன்னொருத்தர் கேட்டா, அப்புறம் இரண்டு சாட்சியும் ஒரே சாட்சியாயிடும். அது எங்க விதி."

"நல்ல விதி," என்றார் பவுல்சாமி. "நீங்க சொல்லுங்க, தம்பி."

"முனியம்மா சாயங்கால டீ போடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, சார். வராந்தாக் கதவு பூட்டலை, சாவி ஆணியிலேயே தொங்குச்சு. காகிதம் வைக்க வராந்தாவுக்குப் போனேன். உள்ளே நடமாட்டம் தெரிஞ்சுது. சத்தம் போடாம உட்கார்ந்தேன்." வில்லியத்தின் குரல் பாடம் ஒப்பிப்பவனைப்போல் சீராக ஓடிற்று. "குழந்தை முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினா. இடது கையால பொம்மையை எடுத்தா. கீழுதட்டை உள்ளே மடிச்சுகிட்டா. தரையில முகத்தை அடிச்சா. நிறுத்தினா. சன்னலைப் பார்த்தா. மறுபடி அடிச்சா."

"பார்த்தீங்களா! சன்னலைப் பார்த்ததுகூட விடலை!" என்றார் டாக்டர்.

"எழுந்து தட்டிகிட்டப் போய், இடுக்குல கண்ணை வெச்சுப் பார்த்தீங்களோ?"

வில்லியம் புண்பட்டவன்போல் நிமிர்ந்தான். "அதெப்படி, சார்? நிழல் தட்டினா குழந்தை கலைஞ்சிடும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தடுக்கவும் இல்லை. அதுதான் முறை."

கொல்லைப்புறம் போகும் வழியில் வேலைக்காரி முனியம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளே உடைந்த பொம்மையை முதலில் கண்டவள்.

"இன்னாத்த சொல்றது, சாமி? டீத்தண்ணி எடுத்துக்கினு போறேன், தரையெல்லாம் பீங்கானு. அந்தப் பாப்பா ஓரமா நின்னுகினு கீது. அழவே இல்ல. நான்தான் அழுதேன், என் தலையில கட்டிடுவாங்களோன்னு. டைப்பு அய்யாகிட்ட ஓடினேன். அவரு மூஞ்சி கழுவிக்கினு இருந்தாரு."

"லூயிசாம்மா அப்போ எங்கே?"

"அவங்க மத்தியானமே பூடுவாங்களே! தெனிக்கும் அப்படித்தான்."

குழந்தைகள் கலைந்த பின் லூயிசா மாமரத்தடிக்கு வந்தாள். வில்லியத்தின் வயதே இருக்கும். சாந்தோமைச் சேர்ந்தவள், ஆசிரியைப் பயிற்சி முடித்தவள். வெள்ளைச் சேலை, நிதானமான நடை. பவுல்சாமி நீரஜாவைப் பற்றிக் கேட்டார்.

"பொம்மையைக் கொடுத்தா இரண்டு கையாலயும் வாங்குவாங்க. தலையைத் தன் தோள்ல சாய்ச்சுக்குவாங்க. மத்த பிள்ளைங்க கேட்டா முதுகைத் திருப்பிக்குவாங்க."

"அப்படியானால் அவளுக்குப் பொம்மைமேல் கொள்ளைப் பிரியம் என்று சொல்லுங்கள்," என்று ரகுபதி இடையில் புகுந்தான்.

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் கண்டது இவ்வளவுதான்."

பவுல்சாமியின் முகம் மலர்ந்தது. ரகுபதி அந்த மலர்ச்சியை நன்கு அறிவான். இத்தனை ஆண்டில் அது அவனை நோக்கி மலர்ந்ததை விரல்விட்டு எண்ணலாம். "அம்மா," என்றார் அவர், "இப்படிப் பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தர் என்கூட இருந்திருந்தா, எத்தனையோ வழக்குல பாதி வேலை மிச்சமாயிருக்கும்."

ரகுபதியின் செவியில் அது காய்ச்சிய எண்ணெயாய் இறங்கிற்று. பண்டைப் புலவர்கள் ஊடலுக்கு வயலும் பொய்கையுமான மருதத்தை வகுத்தார்கள். ஒரு மாமரத்தடியில், இரு நல்லோர் பேசிக்கொண்டிருக்க, மூன்றாமவனாய் நிற்பவனுடைய நிலத்துக்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை.

"அன்னிக்கு மத்தியானம் நீங்க இங்கே இல்லையாமே?" என்றார் பவுல்சாமி.

"எனக்குக் காலையிலதான் வேலைங்க. வெயில் மேற்கே சாய்ஞ்சா அந்த நாற்காலி எனக்கு ஆகாது. எழுதினதை வில்லியம் மேசையில வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

நிறம் கறுத்துவிடுமென்ற கவலை போலும் என்று ரகுபதி பவுல்சாமியின் காதோடு சொல்லி நகைத்துக்கொண்டான். அவள் அகன்றதும் தன் முடிவை வெளியிட்டான்.

"இவள்தான், சார். ஐயமே இல்லை. போவதுபோல் போய்த் திரும்பி வந்து உடைத்திருக்கிறாள். நீங்கள் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, குற்றமுள்ள நெஞ்சு!"

"முனியம்மா அடுப்புப் புகை. உங்க கண்ணும்தான் கலங்கியிருக்கு." பவுல்சாமி கைக்குட்டையை நீட்டினார். "பண்டிதரே, அந்தப் பெண் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினா?"

ரகுபதி கைக்குட்டையை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவர் மறுமொழிக்குக் காத்திருக்கவில்லை. "வக்கீல் குடும்பத்தை ரயிலுக்குப் போறதுக்கு முன்னாடி இங்கே வந்துட்டுப் போகச் சொல்லுங்க. மாடவீதி உங்க பக்கந்தானே. முனியம்மா டீ போடற நேரத்துக்கு எல்லாரும் வராந்தாவுல இருக்கணும்."

அவன் போய்த் திரும்புவதற்குள் மாலை வெயில் தோட்டத்தைக் கடந்து வராந்தாவில் ஏறியிருந்தது. பெட்டி ஏற்றிய ஜட்கா வாயிலில் நின்றது. பத்ரிநாராயணன் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். பின்னால் கோமளம், இடுப்பில் மகன், கைப்பிடியில் மகள். நீரஜாவுக்குப் புதுப் பாவாடை கட்டியிருந்தார்கள். டாக்டரும் வில்லியமும் லூயிசாவும் முன்னமே வந்திருந்தார்கள்.

"சீக்கிரம் முடிங்கோ, ஸார்," என்றார் வக்கீல். "எழும்பூர் போகணும். ரயில் எனக்காகக் காத்துண்டிருக்காது."

"நீங்க ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்படியே முடிச்சுடறேன்." பவுல்சாமி திரும்பினார். "லூயிசாம்மா, நான் சொன்னபடி கூடத்துக்குள்ள போங்க. வில்லியம், நீங்க இந்த நாற்காலியில உட்காருங்க. அன்னிக்குக் கவனிச்சீங்களே, அதேபோல, உள்ளே நடக்கறதைக் கண்டபடி சொல்லிட்டே வாங்க. வேறொண்ணும் வேண்டாம்."

இதற்கும் அவளா! ரகுபதி உதட்டைக் கடித்துக்கொண்டான்.

வில்லியம் பட்டியை நேராக்கி அமர்ந்தான். முதுகை வெயில் சுட்டது. உள்ளே முக்காலி தரையில் உராயும் ஓசை எழுந்தது. அவன் கைகள் நாற்காலியின் பிடியை இறுகப் பற்றின.

"முக்காலியை… இழுக்கறாங்க," என்றான். மேலும் ஓர் உராய்வு. "ஏறறாங்க. லூயிசா ஏறி நிக்கறாங்க. அலமாரிப் பக்கம் கையை நீட்டறாங்க. இடது கை."

டாக்டர் தலையசைத்தார். ரகுபதி தட்டியை நோக்கினான். அவன் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. கண் கெட்டதோ என்று இமைகளைத் தேய்த்துக்கொண்டு மறுபடி நோக்கினான். வெயில் பட்ட மூங்கிற்பட்டைகள் ஒவ்வொன்றும் மின்னின. காலையில் இல்லாததாய் மறைந்திருந்த தட்டி, இப்போது ஒளியால் எழுப்பிய மதிலாய் நின்றது. அதற்கப்பால் உலகமே இல்லை.

"டாக்டர்," என்றார் பவுல்சாமி, "கயிற்றை இழுத்துத் தட்டியைத் தூக்குங்க."

தட்டி உயர்ந்தது. கூடத்தின் நடுவே முக்காலியில் முனியம்மாள் சாவகாசமாக அமர்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். லூயிசா அங்கே இல்லை. எதிர்க் கதவு வழியே வெளியேறித் தோட்டத்தைச் சுற்றிவந்து, இவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"இன்னா, ஆட்டம் முடிஞ்சுதா? எழுந்துக்கலாமா?" என்றாள் முனியம்மாள்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் தட்டியை மறுபடி இறக்கினார். நாற்காலியின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். "இது என்ன? யாரோ தட்டியை மாத்தியிருக்காங்க!"

"இல்லைங்க, சார்," என்றாள் லூயிசா. "மத்தியானத்துக்கு மேல எப்பவும் இப்படித்தான். நாம இருட்டுல, அவங்க வெளிச்சத்துல இருந்தாத்தான் தட்டி வழியாத் தெரியும். வெயில் இந்தப் பக்கம் வந்துட்டா, உள்ளேயிருந்து அவங்கதான் நம்மைப் பார்ப்பாங்க. அதனாலதானே நான் காலையோட போயிடறேன்?"

"என்கிட்டே ஏன் சொல்லலை?"

"பிள்ளைங்க என்ன செய்யறாங்கன்னு எழுதச் சொன்னீங்க. தட்டி என்ன செய்யுதுன்னு நீங்க கேட்கலையே."

பவுல்சாமி வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டார். "லூயிசாம்மா காலையில என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்க. வெயில் சாய்ஞ்சா அந்த நாற்காலி ஆகாதுன்னு. நம்ம பண்டிதர் அதை முகப்பூச்சுக் கணக்குல சேர்த்துட்டாரு."

ரகுபதியின் காதுமடல் சிவந்தது. லூயிசா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதே பெரிய கருணை.

"அதுல உட்கார்ந்த யாருக்கும் அது தெரியும்," என்று பவுல்சாமி தொடர்ந்தார். "அதனால யாரும் அதை எழுதலை. வில்லியத்துக்கு லூயிசாம்மா எழுதின ஒவ்வொரு வரியும் மனப்பாடம். கீழுதடு, இடது கை, சன்னல் பார்வை, எல்லாம் அவங்க நடை. ஆனா எழுதாம விட்ட ஒண்ணு அவருக்கு எப்படித் தெரியும்? ஒருத்தர் கண்டதை ஒருத்தர் கேட்கக் கூடாதுன்னு நீங்க வெச்ச விதியால, இவர் எங்கே உட்கார்ந்து பார்த்தேன்னு சொன்னார்ங்கறது லூயிசாம்மாவுக்கும் போய்ச் சேரலை. சேர்ந்திருந்தா அன்னிக்கே சிரிச்சிருப்பாங்க."

பத்ரிநாராயணன் தொண்டையைக் கனைத்தார். பழகிய கோர்ட்டுக் குரல் எழுந்தது. "இவர் பொய் சாட்சி, ஒத்துக்கறேன். ஆனா சாட்சி பொய்யானா செயலும் பொய்யாயிடுமா? அந்த எடத்துல இவளைத் தவிர வேற யார் இருந்தா? பொம்மை கை இவ கையிலன்னா இருந்தது! என் ஒரே பிள்ளை தொட்டில்ல படுத்துண்டிருக்கான். சந்தேகத்தின் பலனை நான் யாருக்குக் குடுக்கறது?"

கோமளத்தின் பிடி மகளின் மணிக்கட்டில் இறுகிற்று.

"நியாயமான கேள்வி," என்றார் பவுல்சாமி. "அன்னிக்கு அந்தக் கூடத்துல உண்மையிலேயே கவனிச்சவர் ஒருத்தர் உண்டு. அவரை ஏன் செஞ்சேன்னு எல்லாரும் கேட்டீங்க. என்ன பார்த்தேன்னு ஒருத்தரும் கேட்கலை." அவர் சிரமப்பட்டுக் குந்தி, நீரஜாவின் முகத்துக்கு நேராகத் தம் முகத்தைக் கொண்டுவந்தார். "நீரஜா, நீ அன்னிக்கு என்னம்மா பார்த்தே?"

குழந்தை அவரைப் பார்த்தது. பிறகு மெல்லக் கண்ணைத் திருப்பி வில்லியத்தைப் பார்த்தது. அந்தப் பார்வை குற்றம் சாட்டவில்லை, உத்தரவு கேட்டது.

வில்லியம் இன்னும் அந்த நாற்காலியிலேயே அமர்ந்திருந்தான். கழுத்துப்பட்டியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லிடு, பாப்பா," என்றான். "நானே சொல்றேன். சொல்லலாம்."

"இந்த மாமா வந்தார்," என்றாள் நீரஜா. "நான் பெஞ்சுக்குப் பின்னாடி ஒக்காந்துண்டிருந்தேன். மாமா பொம்மைப் பாப்பாவை எடுத்துக் கீழே போட்டார். ஒடையலை. மறுபடி போட்டார். அப்பறம் என்னைப் பார்த்தார். தரையில ஒக்காந்துண்டு அழுதார். யார்கிட்டயும் சொல்லாதேன்னார். நான் சரின்னேன்."

"பொம்மை கையை ஏம்மா எடுத்தே?"

"மாமாவுக்குக் குடுக்கலாம்னு. அதுக்குள்ள போயிட்டார்."

முனியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பொன்ராஜ் முதன்முறையாக ஒருவனுடைய கண்ணை நேரே நோக்கினார். "ஏன், வில்லியம்? அந்தப் பொம்மை உன்னை என்ன செஞ்சுது?"

வில்லியத்துக்காகப் பேசிய குரல் தன்னுடையதென்று ரகுபதிக்குச் சற்றுப் பின்னரே விளங்கிற்று.

"பொம்மை ஒன்றும் செய்யவில்லை. அது லூயிசாவின் பொறுப்பிலிருந்த பொம்மை. நாள்தோறும் வேறொருவர் கண்டதை அடிப்பது; நாள்தோறும் அதை நீங்கள் உரக்கப் படித்துப் புகழ்வதைக் கேட்பது. பக்கத்து அறைதான், கதவுகூடப் பூட்டியிருக்காது. ஆனால் அந்த நாற்காலி தனக்கில்லை. முதலில் அவளுக்குக் கெட்ட பெயர் வரட்டுமென்றுதான் உடைத்திருப்பார். குழந்தையைக் கண்டதும்தான் வேறு யோசனை வந்திருக்கும். அவள் கண்டவை எல்லாவற்றையும் விடப் பெரியதாய்த் தானும் ஒன்றைக் கண்டதாகச் சொல்லிவிட்டால்…"

"இதை நீங்க பார்த்தீங்களா," என்று லூயிசா அமைதியாகக் கேட்டாள், "இல்லே, ஊகமா?"

"பார்த்தேன்," என்றான் ரகுபதி. "காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

பவுல்சாமி அவனை ஏறிட்டு நோக்கினார். அந்த முகம் மலரவில்லை, கனிந்தது. அதற்குமேல் அவன் வேண்டவுமில்லை.

"அன்னிக்குக் காலையில நீங்க சொன்னீங்களே, சார்," என்றான் வில்லியம், டாக்டரிடம். "'உனக்கு விரல்தான்யா இருக்கு, கண் இல்லை'ன்னு. சிரிச்சுகிட்டேதான் சொன்னீங்க. நான் ஒரு தடவை கண்டதை நீங்க படிக்கணும்னு நினைச்சேன். ஊருக்கு அனுப்புவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம்…" அவன் நிறுத்தினான். தெரிந்த பிறகும் அவன் இன்று காலை ஒரு சொல்லும் பிறழாமல் அதையே ஒப்பித்ததை எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவனும் நினைத்துக்கொண்டான்; எழுந்து, நாற்காலியை விட்டு விலகி, சுவரோரமாய் நின்றான்.



இதற்குள் நீரஜா தாயின் சேலையைப் பற்றி இழுத்தாள். கோமளம் வராந்தாப் படியில் துவண்டு அமர்ந்திருந்தாள். மடியில் மகன் கட்டை விரலைச் சுவைத்துக்கொண்டிருந்தான்.

"அவனை எறக்கு," என்றாள் நீரஜா.

"என்னடி?"

"எறக்குங்கறேன். அது என் எடம்."

கோமளம் கணவரைப் பார்த்தாள். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல், மகனைத் தூக்கி அவர் கையில் திணித்தாள். பத்ரிநாராயணன் வாழ்நாளில் வழக்குக் கட்டுகளைத் தவிர வேறெதையும் அப்படி ஏந்தியறியார். நீரஜா புதுப் பாவாடை கசங்க மடியில் ஏறி, இரண்டு கால்களையும் மடக்கி, தாயின் கழுத்தடியில் தலையைச் செருகிக்கொண்டாள். தம்பி உலகை உலுக்கும்படி அழத்தொடங்கினான். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

வாயிலிலிருந்து ஜட்காக்காரன் எட்டிப் பார்த்தான். "சாமி, எக்மோர் வண்டிக்கு டைம் ஆயிக்கினே கீது. குதுர நின்னுகினே தூங்குது. கெளம்பலாமா, இன்னா?"

வக்கீலின் பட்டு அங்கவஸ்திரத்தில் சூடாய் ஏதோ பரவிற்று. அவர் அதைப் பார்த்தார். மனைவியின் மடியைப் பார்த்தார்.

"எக்மோர் இல்லை. மாடவீதிக்கே திருப்பு. பெட்டியை ஆத்துல எறக்கிடணும்."

"அப்ப எதுக்கு சாமி காலையிலேர்ந்து கட்டி ஏத்துனீங்க?" என்றான் ஜட்காக்காரன்.

அழும் பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, தட்டிக்கொடுக்கத் தெரியாமல் தட்டிக்கொடுத்தபடி, பத்ரிநாராயணன் முதலில் வண்டியை நோக்கி நடந்தார்.